சனிக்கிழமைக்காக நீ சேர்த்துவைத்த பலம்

தம்பி,

இன்று காலை என் மகன் தரையிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தொடைமேல் கை வைத்து ஏறி, மெல்ல நிமிர்ந்தான். நாலு வயதுப் பிள்ளை. அரிசி களைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அச்சு அசல் நீதான். பாவி வயிறே என்று அடித்துக்கொண்டேன்.

நம் மாமாவும் இப்படித்தான் எழுந்தார், பிறகு எழவேயில்லை. அம்மா வழியில் ஆண்பிள்ளைகளுக்கு வருகிற, சதை கரைகிற நோய் என்றார் டாக்டர். உனக்குப் பத்தொன்பது வயதானபோது, சீமையிலிருந்து புதிதாக வந்த ஒரு வெள்ளைப் பொடியைப் பாலில் கலந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். வாரமெல்லாம் ஓய்வெடுக்காமல் வழக்கம்போல நடமாட வேண்டும். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். அவர் கடிகாரம் பார்ப்பார். மூன்று மாதத்தில் குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவேன், அப்புறம் யாருக்கும் தரமாட்டேன் என்றார்.

நீயா கேட்பவன்! வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பாயைவிட்டு அசையமாட்டாய். சனிக்கிழமை மயிலாப்பூர்க் குளத்தருகே ரிக்‌ஷா ஏறினால் ஆஸ்பத்திரி வாசலில்தான் இறக்கம். சேர்த்துவைத்த பலத்தையெல்லாம் டாக்டர் முன்னால் கொட்டி எழுந்துவிடுவாய். அவர் முகம் மலர்ந்து குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கவும் உனக்குக் கை எழாது.

“டாக்டர இன்னாத்துக்குடா ஏமாத்திக்கினு கீறே?” என்று கத்தினேன். எனக்கு அப்போது ஆறாம் மாதம்.

நீ என் வயிற்றைப் பார்த்தாய்.

“ஆம்பளப் புள்ளயா பொறந்துட்டா மருந்து வோணுமேக்கா. அவரு நிறுத்திட்டா நீ இன்னா பண்ணுவே?”

முட்டாளே! அந்தப் பொடி ஒன்றும் செய்யவில்லை என்பதை உன் உடம்பிலேயே பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அடுத்த மார்கழியில், மார்ச்சளியைக் காறித் துப்பக்கூட வலுவில்லாமல் போய்ச் சேர்ந்தாய்.

மத்தியானம் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். அவனை உட்காரச் சொல்லி, எழச் சொல்லிப் பார்த்தார். அதன்பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதே பொடியைத்தான் எழுதினார்.

“சளிதான் அவனக் கொண்டுபோயிடுச்சு. அதுக்கு முன்னால இந்தப் பொடியில உன் தம்பிக்கு நல்லா குணம் தெரிஞ்சுது இல்லையாம்மா?” என்றார்.

உண்மையைச் சொன்னால் நிறுத்திவிடுவார். என் பிள்ளைக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான், அதுவும் வெறும் பொடி. நீ விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது உன் பொய்தான், தம்பி.

“தெரிஞ்சுதுங்க” என்றேன்.