கோட்டைச் சுவரின் கண்ணாடிகள்

எதிர்வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசுகிறார்கள். அந்த ஈர வாடை பம்பாய் மாட்டுங்காவின் இந்த மாடிவரை ஏறி வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. கூடவே ஆத்திரமும்.

பழைய கட்டடங்களைக் காக்கும் அரசு அலுவலகத்தில் நீ ஓவர்சியர், நான் டைப்பிஸ்ட். தாராவிக் கழியோரம் இருந்த சின்னக் கோட்டை உன் பொறுப்பு. அதன் விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டுவாய். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். சனிக்கிழமைதோறும் போய்ப் பார்த்து நோட்டில் குறித்து வைப்பாய், அதுவும் தமிழில். இங்கிலீஷில் எழுதென்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "செவத்துக்குக் காவல் நாம்தான வே, எந்தப் பாஷையில எழுதுனா என்ன?" என்று சிரித்தாய். மூன்று மழைக்காலம் போயும் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

கோடவுன் கட்ட யாருக்கோ அந்த இடம் வேண்டியிருந்தது. சுவர் அசைகிறது, ஆபத்து என்று நம் அதிகாரி எழுதினார். நீ நோட்டை நீட்டினாய். தனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, இது அலுவலகப் பதிவே அல்ல என்று தள்ளிவிட்டார். தினமும் ரயிலில் தமிழ்ப் பத்திரிகையோடு வருகிற மனிதர்! கோட்டையை இடித்துவிட்டார்கள். ஆபத்தை மறைத்தாய் என்று உனக்கு சஸ்பென்ஷன். அந்த உத்தரவை டைப் அடித்ததும் நான்தான், வாயைத் திறக்கவில்லை. விசாரணைக்கு நாள் குறிக்கும் முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டாய்.

அதன்பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. உன் மனைவியிடம் நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாக இங்கிலீஷில் டைப் அடித்து டெல்லித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். உன் மேலிருந்த பழி நீங்கியது. இப்போது சஸ்பென்ஷனில் இருப்பது அந்த அதிகாரி.

போன ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தார். "மொழிபெயர்ப்புல தப்பு இருக்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. என் வேலை உங்க கையிலதான் இருக்கு" என்றார்.

எந்த வரி தப்பு என்று கேட்டு, உன் நோட்டை அவர் முன்னால் விரித்தேன். பதற்றத்தில் விரலை வைத்துத் தடுமாறாமல் வாசித்தார்: "பதினோரு கண்ணாடியும் முழுசா இருக்கு. செவரு அசையல."

வாசித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. விரலைச் சட்டென்று எடுத்தார். என் மனைவி கொண்டுவந்த காப்பியைத் திருப்பி உள்ளே அனுப்பினேன்.

அவரை மன்னித்துவிடு என்றுதான் நீ சொல்வாய், தெரியும். உன் நல்ல குணம் உன்னோடு போகட்டும். நாளை விசாரணையில் சாட்சி சொல்லப் போகிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதைத்தான் முதலில் சொல்வேன். அடுத்ததாக, உன் சஸ்பென்ஷன் உத்தரவை டைப் அடித்த கை இது என்பதையும்.