ஆணி ஏறாத டயர்

ஜூன் 4, செவ்வாய்

அச்சகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வண்டியின் பின்சக்கர டயரை மாற்றினேன். பஞ்சர் கடை அண்ணன் கொண்டுவந்த புது டயரின் பக்கவாட்டில் பெரிதாக ‘டியூப்லெஸ்’ என்று இருந்தது. என் வண்டியோ கம்பிச் சக்கரம். “இந்த அளவுல இப்ப இதுதான் வருது. உள்ள டியூப் போட்டுத் தரேன், தைரியமா ஓட்டுங்க” என்றார். கம்பி வந்து முடியும் ஒவ்வொரு இடத்திலும் ரிம்மில் ஓட்டை. டியூப் இல்லாவிட்டால் காற்று அந்த வழியே போய்விடும். டயரின் உட்புறம் வரிவரியாக இருந்தது. டியூபை உரசாமலிருக்கப் பவுடர் பூசினார். மடியில் விரித்த புத்தகத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

டயரில் அச்சிட்டிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. பிழை திருத்துகிறவளுக்குக் கை அரித்தது.

ஜூன் 8, சனி

அவன் வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்பில். நாளை என் வண்டியில் ஊருக்குப் போய் அவன் அம்மாவிடம் எங்களைப் பற்றிச் சொல்லப் போகிறான். நாலு வருஷமாகச் சொல்லப் போகிறான். அடுத்த ஞாயிறு அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. அப்பா சோபாவுக்குப் புது உறையே வாங்கிவிட்டார். “சம்பந்தியம்மா வந்து கிழிசல் மேல உட்காரலாமா?”

சாவியைக் கொடுத்தபோது, “புது டயர் போட்டிருக்கேன்” என்றேன். “பார்த்தேன், பார்த்தேன்” என்றான்.

ஜூன் 9, ஞாயிறு

போகவில்லை. பாதி வழியில் பஞ்சராம்.

“பின் சக்கரத்துல ஆணி ஏறிடுச்சு. நல்லவேளை, டியூப்லெஸ். சக்கரத்தைக் கழட்டாமயே, வெளியிலேர்ந்தே ஓட்டையில ரப்பர் திரியைச் சொருகிக் காத்தடிச்சுக் கொடுத்தான் ஒருத்தன். ஆனா ஆள் கிடைக்கிறதுக்குள்ள பொழுது போயிடுச்சு. திரும்பிட்டேன்.”

“ஆணி பெரிசா?”

“இத்தனூண்டு.” விரலை மடக்கி அளவு காட்டினான்.

தலையாட்டிவிட்டு சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 10, திங்கள்

உள்ளே டியூப் இருக்கும்போது டயரில் திரி சொருகி என்ன ஆகும்? காற்று டியூபில் அல்லவா இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றாமல் ஒட்டவே முடியாது. ஒருவேளை கழற்றித்தான் ஒட்டினார்களோ, இவன் பார்க்காமல் எங்காவது தள்ளி நின்றானோ? அப்படி இருக்கட்டும். தயவுசெய்து அப்படி இருக்கட்டும்.

காலையில் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி டயர் முழுக்க விரலால் தடவினேன். ஓட்டை இல்லை.

அப்பா வாசலுக்கு வந்தார். “வண்டில என்ன பாப்பா?”

“ஒண்ணுமில்லப்பா.”

உண்மையைத்தான் சொன்னேன்.

ஜூன் 11

இன்று ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் அதே பிழையை விட்டேன்.

ஜூன் 12, புதன்

சண்டை போடவில்லை. “ஓட்டையைக் காட்டு” என்று மட்டும் கேட்டேன். குனிந்து தேடினான். அவன் தேடியதைத்தான் பார்க்க முடியவில்லை. உள்ளே டியூப் இருப்பதைச் சொன்னேன். நிமிர்ந்தான்.

“போகல. வழியில ஒரு டீக்கடையில உட்கார்ந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும். அம்மா முகத்தை நினைச்சாலே…”

“அதையே சொல்லியிருக்கலாமே.”

“நீ அழுவே.”

“இப்ப?”

டயர் கறை படிந்த விரலைப் பேன்ட்டில் துடைத்தான்.

அவனுக்கு வேறொருத்தி இருந்திருந்தால் வெறுத்துவிட்டாவது போயிருப்பேன். இது என்ன — ஒரு டீக்கடை. பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானும் வந்து பக்கத்துல உட்கார்ந்திருப்பேனே. எத்தனை டீ வேணும்னாலும் குடிச்சிருக்கலாமே. ஏன்டா? இல்லாத ஆணிக்கு விரல்ல அளவு காட்டினியே. நாலு வருஷத்துல இன்னும் எத்தனை ஆணி?

“இந்த ஞாயிறு கண்டிப்பா போறேன்” என்று கையை நீட்டினான், சாவிக்காக.

கொடுக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். யாரும் வரமாட்டார்கள் என்று மட்டும். கொஞ்ச நேரம் சோபா உறையை நீவிக்கொண்டிருந்தார். “சரி விடு. நாம உட்கார்ந்தா ஆகாதா என்ன?” என்று உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார். போய் உட்கார்ந்தேன். புதுத் துணி வாசனை. அழுகை அப்போதுதான் வந்தது.

செப்டம்பர் 21, சனி

அச்சகத்திலிருந்து வரும் வழியில் நிஜமாகவே ஆணி. காற்று சட்டென்று இறங்கி வண்டி ஆடியது. தள்ளிக்கொண்டே போய், தெரியாத கடை ஒன்றில் நிறுத்தினேன். கடைக்காரர் டயரில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் திரியை எடுத்து வந்தார். “அஞ்சே நிமிஷம்மா. கழட்டவே வேணாம்.”

“உள்ள டியூப் இருக்குங்க.”

“அட. அப்ப நேரமாகுமே.”

“ஆகட்டும்.”

பக்கத்தில் டீக்கடை. ஒரு டீ வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து முழுதாகக் குடித்தேன். டியூபை ஒட்டி முடித்தவர், பிடுங்கிய ஆணியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவன் விரலில் காட்டிய அதே அளவு.

“தூக்கிப் போட்டுடுங்க” என்றேன்.