நாக் சென்சாருக்குக் கேட்ட சத்தம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். காருக்கு வாங்கிய ஸ்கேனர் பார்சல் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஸ்டீரிங்குக்குக் கீழே செருகினால் எஞ்சின் விவரமெல்லாம் போனில். கம்பெனியே எஞ்சினில் ஒரு நாக் சென்சார் வைத்திருக்கிறது. உள்ளே பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்துத் தட்டினால் அதற்குக் கேட்டுவிடும். உடனே வண்டியின் கம்ப்யூட்டர் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துவிடும், வண்டி இழுவை குறையும். எத்தனை டிகிரி என்று இனி பார்க்கலாம்.

வாங்கிய காரணத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன். மஸ்கட்டில் பத்தொன்பது வருடம் ஜெனரேட்டர் ரூமில் வேலை. காது போய்க்கொண்டிருக்கிறது, எஞ்சின் தட்டினாலும் எனக்குக் கேட்காது. ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. கட்டிய பெண்டாட்டியிடம் மறைத்த ஒரே விஷயம் (சிகரெட் தவிர).

ஜூன் 10

மழை இல்லை. வாங்க: கூலன்ட், ஜெ.க்கு முட்டுவலித் தைலம், சாளை மீன்.

ஏற்றத்தில் ஜெ.: "வண்டியில என்னமோ சத்தம் கேக்கு. உங்களுக்குக் கேக்கல்லியா?"

"கேக்கு, கேக்கு" என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. போனில் 6 டிகிரி.

ஜூன் 12

ஒர்க்‌ஷாப் சேகரிடம் போனைக் காட்டினேன். முகம் சுருங்கியது. "சத்தம் எப்பிடிண்ணே? கல்லு தட்டுன மாதிரியா, தகரம் மாதிரியா?"

என்னிடமா கேட்கிறாய். "கல்லு" என்று அடித்துவிட்டேன்.

"அப்போ எஞ்சினைப் பிரிக்கணும். சனிக்கிழமை விடுங்க."

நல்ல எஞ்சினாக இருந்தால்? என் வறட்டுக் கௌரவத்துக்கு அதைப் பிரித்துப் போட வேண்டுமா?

மத்தியானம் ஜெ. குழம்பு ஊற்றிக்கொண்டே என்னவோ சொன்னாள். சிரித்துவைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது. அவள் அக்காவுக்கு ஆபரேஷனாம். இரண்டாம் தடவை சொன்னபோதுதான் விளங்கியது.

ஜூன் 13, வெள்ளி

திற்பரப்பு ரோடு. ஜெ.யும். ஏற்றத்துக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டிச் சொல்லிவிட்டேன். "ஏட்டி, எனக்குக் காது சரியா கேக்கல்ல. ஒரு வருசமாச்சு."

ஜெ.: "தெரியும். இடது காதுதானே ரொம்ப மோசம்? அதான் சாப்பிடும்போ வலப்பக்கம் வந்து இருக்கேன். நீங்களா சொல்லட்டும்னு பாத்தேன்."

ஃபேன் காற்றுக்காக அங்கே உட்காருகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். எட்டு மாதமாக. கண் கலங்கிவிட்டது, எழுதினால் என்ன.

"சும்மா ஓட்டுங்க. சத்தம் வரும்போ நான் தொடையில தட்டுதேன்."

நான்கு தட்டு. போனிலும் அதே நான்கு இடத்தில் டைமிங் இறங்கியிருக்கிறது. ஆனால் அவள் சொன்னாள்: "கல்லு இல்ல, தகரமாக்கும். கடியப்பட்டணத்துல அப்பாக்க மீன்புடி வள்ளத்துல மெஷினுக்க மூடி லூசானா இப்பிடித்தான் கிடந்து அதிரும்."

ஜூன் 14, சனி

நல்ல மழை. சேகரிடம் உண்மையைச் சொன்னேன்: நான் கேட்கவே இல்லை, கேட்டது வீட்டுக்காரி, தகரமாம். பானெட்டைத் திறந்து கையை விட்டான். எஞ்சினை ஒட்டிச் சூடு மறைக்கிற தகடு, ஒரு போல்ட் இல்லை. அது அதிர்ந்ததைத்தான் சென்சார் நாக்கிங் என்று எடுத்திருக்கிறது. பிரிக்க வேண்டாம். புது போல்ட் போட்டு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். 0 டிகிரி.

சேகர் ஜெ.யிடம், "அக்கா, வேலைக்கு வாறியளா?" அவளுக்கு ஒரே பெருமை.

திங்கள் நாகர்கோவில், காது டாக்டர். தனியாகப் போய்விட்டு வருகிறேன் என்றேன்.

"டாக்டர் சொல்லுதத யாரு கேப்பா, நீங்களா?"

புடவையை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.