அப்படியே செருகு

புயலுக்குப் பின் 9ஆம் நாள், 06:10
பட்டறை, பனிச்சுரங்கம், நிலவின் தென்முனை
எழுதுவது: பெர்பெத்தா, பழுதுபார்ப்பு

கிழக்குக் கூடத்துக் கணினிக்கு ஃப்ளாப்பி படிக்கும் மாற்று டிரைவ் பொருத்தி முடிந்தது. அதன் காந்தத் தலையைச் சாராயம் தொட்டுத் துடைத்தேன். ஃப்ளாப்பியை மூன்றாவது முயற்சியில் படித்தது. காற்று வால்வு திறந்தது. வேறு விசேஷம் இல்லை.

இதை யார் கண்டெடுப்பீர்களோ, உங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சூரியப் புயல் அடித்தபோது இங்கிருந்த புதிய கணினிச் சில்லுகள் அத்தனையும் பொசுங்கிவிட்டன. காற்றுக் கட்டுப்பாடு போயிற்று, வெளியே போகிற உடைகள் போயின, பூமியோடு பேச்சும் போயிற்று. பிழைத்தவை எங்கள் பழைய கணினி மன்றத்து அலமாரியில் இருந்த இரண்டு பெட்டிகள். நூறு வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகள் விளையாடுவதற்காக வீட்டுக்கு வாங்கியவை. சில்லுகள் தடித்தடியாக இருக்கும். கதிர்வீச்சு அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

மன்றம் என்று பெயர்தானே தவிர, உறுப்பினர்கள் நானும் என் தம்பி கஸ்பாரும் மட்டுமே. குப்பை பொறுக்கிகள் என்று சுரங்கமே எங்களைக் கேலி செய்தது. இன்றைக்கு அந்தப் பெட்டிகள்தான் கிழக்கு, மேற்கு இரண்டு கூடங்களுக்கும் வால்வைத் திறந்து மூடுகின்றன. கேலி செய்த வாய் ஒன்றையும் காணோம். எனக்கு அதில் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ஒரு சங்கடம் இருக்கிறது. மின்சாரம் ஒரு தடவை சிமிட்டினால் போதும், பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். வால்வு மூடிக்கொள்ளும். உடனே ஃப்ளாப்பியிலிருந்து நிரலை மறுபடி ஏற்ற வேண்டும். மின்சாரமோ தினமும் சிமிட்டுகிறது. அதனால் டிரைவ் இல்லாத கூடத்துக்கு மூச்சு இல்லை.


11ஆம் நாள், 14:30

மேற்குக் கூடத்துப் பெட்டியின் பெயர் கருவாச்சி. கன்னங்கரேல் என்று இருப்பதால் கஸ்பார் வைத்த பெயர். அதன் அசல் டிரைவைத் திறந்து பார்த்தேன். உள்ளே சுற்றுகிற ரப்பர் பட்டை உருகித் தார் மாதிரி அப்பிக்கிடந்தது. மருத்துவக் கையுறையிலிருந்து ஒரு வளையம் வெட்டி மாட்டினேன். ஓடுகிறது. எத்தனை நாளைக்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

உதிரியாக ஒரே ஒரு டிரைவ் மிச்சம். பட்டறைக்கு வெளியே, நடைபாதைக் கிடங்கில் பூட்டி வைத்திருக்கிறோம். எது முதலில் படுக்கிறதோ அதற்கு மாட்டுவது என்று ஏற்பாடு.

மேற்குக்குத் தலைவர் வீரபாகு, துளைப்பணி மேஸ்திரி. உதிரியை இப்போதே கொடு என்கிறார். கிழக்குக்குப் பொறுப்பு டாக்டர் அங்கயற்கண்ணி. பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம், கஸ்பாரின் மகள் செலினும் அங்கேதான். டாக்டர் தர முடியாது என்றுவிட்டார். காற்று தயாரிக்கும் ஆலை பாதி செத்துவிட்டது, இரண்டு கூடத்துக்கும் கணக்காகப் பிரித்தால்தான் மீட்புக் கப்பல் வரும்வரை தாங்கும் என்பது அவர் வாதம். ஒரு கூடத்துக்குத்தான் போதும், அது எந்தக் கூடம் என்பதை மட்டும் பேசுவோம் என்று வீரபாகு எல்லோர் காதிலும் விழும்படி, சில்லு இல்லாததால் தப்பிய பழைய ரேடியோவில் சொன்னார். எந்தப் பெட்டி ஓடினாலும் அதை வைத்து எதிர்க் கூடத்து வால்வை அடைத்துவிட முடியும். குழாயை அப்படிப் போட்ட மகராசன் யாரோ.




12ஆம் நாள், 09:45

எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

மேற்குக்காரர்கள் துளைக்கம்பிகளோடு வந்து கிடங்கை உடைத்தார்கள். கிழக்கிலிருந்து தடுக்க ஓடி வந்தார்கள், கஸ்பாரும் வந்தான். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சமையல்கட்டு ஆரோக்கியத்தின் கழுத்தில் கம்பி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தார். இந்த ஊரில் எல்லாமே மெதுவாகத்தான் விழும். ரத்தமும் அப்படித்தான். உருண்டை உருண்டையாக இறங்கிச் சுவரில் ஒட்டியது.

நான் தாழ் போடுவதற்குள் சின்னராசு உள்ளே புகுந்துவிட்டான். எங்கள் பெட்டிகளில் சும்மா விளையாட வருகிற மேற்குப் பையன்களில் ஒருவன். என் தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினான். உதட்டில் உப்புக் கரித்தது. கைக்கு ஒரு மின்மாற்றி கிடைத்தது, நல்ல கனம். அடித்தேன். ஒரு அடியோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் முகம் அவன் முகமாக இல்லாமல் போகும்வரை அடித்தேன்.

தாழ் போட்டுவிட்டேன். சின்னராசு இங்கேதான் கிடக்கிறான். தார்ப்பாயால் மூடினேன். உதிரி டிரைவை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

கஸ்பாரைப் பற்றி ரேடியோவில் கேட்டேன். டாக்டர் சொன்னார்:

"கஸ்பார் இங்கதான் இருக்காரு. தலையில லேசான அடி, ஊசி போட்டுத் தூங்க வெச்சிருக்கேன். நீங்க கவலப்படாதீங்க பெர்பெத்தா. கதவ மட்டும் தெறந்துராதீங்க."

உயிர் வந்தது. கிழக்கின் காற்றுக்குழாயில் ஒரு கிளை இந்தப் பட்டறைக்கும் வருகிறது. அவர்களுக்கு இருக்கும்வரை எனக்கும் உண்டு.


12ஆம் நாள், 13:20

மின்சாரம் சிமிட்டியது. கிழக்கு டிரைவ் ஒரே முயற்சியில் நிரலை ஏற்றியது. மேற்கில் கையுறை ரப்பர் அறுந்துவிட்டது. கருவாச்சி வெறும் பெட்டியாகக் கிடக்கிறது. அவர்கள் வால்வு மூடிக்கொண்டது. இனி உள்ளே இருக்கும் காற்றைத்தான் மாற்றி மாற்றி மூச்சு விட வேண்டும்.

வீரபாகு:

"ஏ பெர்பெத்தா. டிரைவு ஏங்கிட்ட இருக்கு. எப்படி மாட்டணும்னு நீ சொல்லுத. ஓட ஆரம்பிச்சதும் கெழக்கு வால்வ அடைப்பேன், அத ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. நீ கதவத் தொறந்துக்கிட்டு இங்க வந்துரு, ஒனக்கு ஒரு எடம் வெச்சிருக்கேன். சொல்லலன்னா எல்லாரும் இங்கனயே சாவோம், சாவுறதுக்கு முன்னால ஒன் கதவ ஒடச்சிட்டுத்தான் சாவேன்."

யோசிக்க நேரம் கேட்டேன். கொஞ்ச நேரம் கொடுத்தார்.

இங்கே ஒரு சங்கதி எழுத வேண்டும். கருவாச்சியின் மின்செருகி மற்ற எல்லாப் பெட்டிகளுக்கும் நேர்மாறு. ஐந்து வோல்ட் வர வேண்டிய துளையில் பன்னிரண்டு வரும். அசல் டிரைவும் அதற்கேற்றபடி செய்யப்பட்டது, அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் மாற்று டிரைவ் மாட்டும்போது சிவப்புக் கம்பியையும் மஞ்சள் கம்பியையும் பிடுங்கி இடம் மாற்றிப் போட வேண்டும். மாற்றாமல் அப்படியே செருகினால் டிரைவ் எரிந்துபோகும், அதற்கப்புறம் யாராலும் மீட்க முடியாது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. செருகி பாந்தமாகப் பொருந்தும். இந்தச் சுரங்கத்தில் இது எனக்கும் கஸ்பாருக்கும்தான் தெரியும்.

மேற்கில் இருப்பவர்கள் எல்லோரும் கம்பி தூக்கியவர்கள் இல்லை. சலவைக்காரம்மா அங்கே இருக்கிறார். பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் இருக்கிறாள்.

கிழக்கில் செலின் இருக்கிறாள். என் தம்பி தூங்குகிறான்.

முடிவு செய்துவிட்டேன்.


12ஆம் நாள், 14:05

ரேடியோவில் சொன்னேன். நாடாக் கம்பியின் சிவப்பு ஓரம் எந்தப் பக்கம், திருகு எத்தனை, எல்லாம் உண்மையாகவே சொன்னேன். கடைசியில் மின்செருகியைப் பெட்டியில் இருக்கிறபடியே செருகச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

வீரபாகு சிரித்தார்.

"நீ கெட்டிக்காரின்னு தெரியும்ட்டி. அதான் மாட்டுத ஆளையும் ஒங்க வீட்டுலேர்ந்தே புடிச்சாந்திருக்கேன். காலையிலேர்ந்து ஒன் தம்பி ஏங்கிட்டதான் கெடக்கான். ஏதும் கோளாறாச் சொல்லியிருந்தா இப்பவே மாத்திச் சொல்லு."

டாக்டர் பொய் சொல்லியிருக்கிறார். தம்பி அங்கே என்று தெரிந்தால் நான் மேற்குக்கு உதவிவிடுவேன் என்று பயந்து சொல்லியிருக்கிறார். ரேடியோவின் இன்னொரு அலையில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் மறுக்கவில்லை. செலின் தன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னார்.

பிறகு கஸ்பார் பேசினான். பல் போயிருக்க வேண்டும், வார்த்தை குழறியது.

"யக்கா. எல்லாம் மாட்டியாச்சு. மின்செருகி மட்டுந்தான் பாக்கி. அப்படியே செருகிரவா?"

அந்தச் செருகியை எத்தனையோ தடவை கம்பி மாற்றிப் போட்டவன் அவன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். வேண்டாம் என்ற ஒரு வார்த்தை போதும், அவன் பிழைப்பான். செலின் சாவாள். அவனுக்கும் அது தெரியும், முடிவை என் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்கிறான்.

அப்படியே செருகு என்று சொன்னேன்.

"சரிக்கா."


12ஆம் நாள், 14:20

ரேடியோவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஒரு சடசடப்பு கேட்டது. யாரோ இருமினார்கள். பிறகு அடிக்க ஆரம்பித்தார்கள். அவன் கத்தவில்லை என்று எழுத ஆசை. கத்தினான். அம்மாவைக் கூப்பிட்டான். நான் ரேடியோவை அணைக்கவில்லை. அணைக்கிற உரிமை எனக்கு இல்லை.


12ஆம் நாள், 19:40

அவனைப் பட்டறைக் கதவுக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். கண்ணாடியை உள்ளிருந்து மூடியிருந்த தகட்டை விலக்கிப் பார்த்தேன். அதற்குள் வெளியே ரத்தமோ கிரீஸோ பூசிவிட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. சுவர்த் தொலைபேசியில் வீரபாகுவின் மூச்சு இரைக்கிறது. கதவைத் திற, திறந்தால் அடி நிற்கும் என்கிறார். நடைபாதையில் இருப்பதும் மேற்கின் கெட்ட காற்றுதான்.

கஸ்பார் ஒரே ஒரு தடவை பேசினான்.

"தொறக்காத."

அதன்பிறகு அவன் வாயில் அடித்தார்கள். எலும்பு உடைகிற சத்தம் தொலைபேசியில் கேட்டது.

நான் திறக்கவில்லை. காதைப் பொத்தவும் இல்லை. அடிக்கும் அடிக்கும் இடையே நேரம் கூடிக்கொண்டே போகிறது. மனம் இளகி அல்ல. அடிக்கிறவனுக்கு மூச்சு இல்லை.


12ஆம் நாள், 22:15

அடி நின்றுவிட்டது. கனமாக ஏதோ சரிந்தது. பிறகு இன்னொன்று. தொலைபேசி தொங்குகிறது போல, சுவரில் இடிக்கிற சத்தம்.

மேற்கு ரேடியோவில் யாரும் இல்லை. பிரசவத்துக்கு இருந்த அந்தப் பெண்ணின் பெயர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எழுத மாட்டேன்.


12ஆம் நாள், 22:50

கதவுக்கு வெளியே ஒருவர் உயிரோடு இருக்கிறார். அடிப்பாகத்தில் நகத்தால் சுரண்டுகிறார். கூப்பிட்டேன். கஸ்பாரா என்றேன். பதில் இல்லை. வீரபாகுவா என்றேன். சுரண்டல் நின்று, திரும்பத் தொடங்கியது. அதற்கு என்ன அர்த்தம்.

டாக்டரிடம் கேட்டேன். திறக்கவே கூடாது, அது வீரபாகுவாக இருந்தால் உங்களைக் கொன்றுவிட்டுப் பட்டறையில் இருக்கும் கிழக்கின் மின்பலகையை உடைப்பார் என்றார். அவர் பேச்சை இனி கேட்பதில்லை என்று இருந்தேன். கேட்டேன். பயந்தேன், அவ்வளவுதான்.

மின்மாற்றியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே நிற்கிறேன். சுரண்டல் நிற்கட்டும், பிறகு திறக்கிறேன்.


13ஆம் நாள், 00:30

நின்றது. நூறு எண்ணினேன். திறந்தேன்.

வீரபாகு தள்ளிக் கிடந்தார், விறைத்துப்போய். எப்போதோ செத்திருக்கிறார்.

கதவடியில் கிடந்தது என் தம்பி. தாடை இரண்டாகப் பிளந்திருந்தது. அதனால்தான் பதில் சொல்லவில்லை. நகம் ஒன்றும் மிச்சமில்லை. உள்ளே இழுத்துப் போட்டு வாயைத் திறந்து ஊதினேன். ஊதிய காற்று கன்னத்து ஓட்டை வழியாக வெளியே வந்தது. கையால் அடைத்துக்கொண்டு ஊதினேன். ரொம்ப நேரம் ஊதினேன். உடம்பு சூடாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் முன்னால் திறந்திருந்தால்


13ஆம் நாள், காலை

கிழக்கில் காற்று சீராக வருகிறதாம். பிள்ளைகள் எழுந்துவிட்டார்களாம். அங்கே யாராவது கூட இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். தம்பி இருக்கிறான் என்றேன். செலின் ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அத்த, அப்பாகிட்ட குடு."

தூங்குகிறான் என்றேன். எழுப்பச் சொல்கிறாள். இவன் தலை என் மடியில் இருக்கிறது, ஒரு கையால்தான் எழுதுகிறேன். இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் என்ன