என் தொடையில் இருக்கும் உன் குண்டு

மாப்ளே,

இன்று காலை ஆர்.எஸ்.புரத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இடது தொடை எலும்பை ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. "ஏனுங்க, இது துப்பாக்கிக் குண்டாட்டம் தெரியுதுங்களே, எப்பப் பட்டதுங்க?" என்றார். "வெள்ளக்காரன் காலத்துலீங்க" என்று மட்டும் சொன்னேன். சுட்டது நீ என்று சொல்லவில்லை. நீ செத்துப் பதினோரு நாள் ஆகிறது.

முப்பதுகளில் நாம் பல்லடத்தில் தண்டால் எடுத்துத் திரிந்தோம். நம் தேகப்பயிற்சிச் சங்கத்தைக் கோயமுத்தூர்த் துப்பாக்கிக் கழகத்தோடு இணைத்துவிட்டால் குறிபார்த்துச் சுடப் பழகலாம் என்று நீதான் நாயாய் அலைந்தாய். காரியதரிசி என்று இங்கிலீஷ் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டதும் நீதான். சர்க்கார் கூப்பிட்டால் வந்து நிற்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்ததாம். யார் படித்தது? நமக்குத் துப்பாக்கி கிடைத்தால் போதும்.

அங்கே பழக்கிக்கொடுத்த துரை ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். சுட்டவன் உடனே, எங்கே குறி வைத்தான், குண்டு எங்கே போயிருக்கும் என்று உரக்கச் சொல்ல வேண்டும். இலக்குக்கு அடியில் குழிக்குள் உட்கார்ந்திருப்பவன் பார்த்துவிட்டு, சொன்னது சரியென்றால் வெள்ளைத் தட்டைத் தூக்க வேண்டும். பொய்யென்றால் சிவப்புக் கொடி. நீ சுடுவாய், குழியில் நான். "நடுவுக்கு வெச்சேன், கீழ போயிருச்சு" என்பாய். பார்த்தால் அப்படியே இருக்கும். உனக்கு நான் ஒரு நாளும் சிவப்புக் கொடி காட்டியதில்லை. என் முறை வரும்போது வாய் கூசாமல் புளுகுவேன். "பொய் சொல்றவனுக்குக் கை நிக்காதுடா" என்று சிரிப்பாய்.

மறு வருஷம் நான் மில்லில் சேர்ந்து கழகத்தை விட்டுவிட்டேன். மில்லில் ஆட்களைக் கழித்தார்கள், வேலைநிறுத்தம் வந்தது. கேட்டுக்கு வெளியே நாங்கள் கல்லோடு நின்றோம். உள்ளே, போலீசுக்குப் பக்கத்தில், காக்கியில் நீ. அந்த ஒரு வரி உங்களைக் கூப்பிட்டுவிட்டது. லத்தி விழ ஆரம்பித்ததும் மண்டைகள் உடைந்தன. என் பக்கத்து மெஷினில் நூல் நூற்ற மாரப்பன் அண்ணன் ரத்தத்தோடு பல்லைத் துப்பினார். என் கல் உன் நெற்றியைப் பிளந்தது. சுடச் சொல்லிக் கத்தினார்கள். உன் குண்டு என் தொடையில் இறங்கியது. உன் பக்கத்தில் நின்றவன் சுட்டது மாரப்பன் அண்ணன் தொண்டையில். அவர் என் மேல் விழுந்து, கால்களை உதைத்து உதைத்துச் செத்தார். அவர் ரத்தம் எது, என் ரத்தம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் தலையில் கட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாய். சிநேகிதனைக் கொல்ல மனமில்லாமல் காலைப் பார்த்துச் சுட்டான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அம்மா உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம்பட பையன் உசுரக் காப்பாத்திப்போட்டியே கண்ணு, நீ நல்லா இருக்கோணும்."

அவள் வெந்நீர் வாங்கப் போனதும் நான் முந்திக்கொண்டேன். "கூட்டத்துல கண்ண மூடிக்கிட்டு எறிஞ்சேன்டா மாப்ளே. உம்மேல பட்டுப்போச்சு."

நான் குழிக்குள் உட்கார்ந்திருப்பது போலவே நீ பதில் சொன்னாய். "நெஞ்சுக்குத்தான் வெச்சேன். கண்ணுல ரத்தம் எறங்குச்சு, குண்டு கீழ போயிருச்சு."

பித்தளைச் சொம்பால் உன் வாயில் அடித்தேன். கட்டிலிலிருந்து விழுந்து, கிடந்தபடியே அடித்தேன். நீ கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. உன் முன்பல் இரண்டும் தரையில் கிடந்தன.

அதற்கப்புறம் நாம் பேசவே இல்லை. தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை எதிரே வந்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா சாகும்வரை உன்னை வாழ்த்தினாள். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. பாவி, வாயை மூடிக்கொண்டிருந்தால் உன்னைக் கும்பிட்டுக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேனே என்று தினமும் உன்னைத் திட்டியிருக்கிறேன். உன் மேல் இருந்த கோபம் அத்தனை. நீ இல்லாமல் தவித்ததும் அத்தனை.

குண்டை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டார். "இருக்கட்டுமுங்க" என்றேன். படத்தை வாங்கி வந்து, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்த வெள்ளைத் தட்டைப் போல அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். நீ சொன்னது சரி.

இப்போது என் முறை. அந்தக் கல்லை எறிந்தபோது என் இரண்டு கண்ணும் திறந்துதான் இருந்தன. உன் முகத்துக்குத்தான் குறி வைத்தேன், மாப்ளே. வைத்த இடத்திலேயே பட்டது.