என் தோளில் நிற்பவள்

மார்ச் 4, செவ்வாய்

தோள் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். எங்கள் மனிதக் கோபுரக் குழுவின் பிசியோதெரபிஸ்ட் கெரால் இன்று மறுபடி அளந்தாள். வலது கையைப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை மடக்கி, கல்லெறியப் போகிறவனைப் போலப் பின்னால் தள்ளினாள். கோணமானியை வைத்து எண்ணைச் சொன்னாள். நல்ல எண்தான். பிறகு என் முகத்தையே பார்த்தாள்.

"கழண்டு போயிடுமோன்னு பயமா இருக்கா, ஜோஃப்ரே?"

"எனக்கு மாமியாரைப் பார்த்தாதான் பயம்."

சிரித்தாள். "இந்தக் கருவி கையைத்தான் அளக்கும். பயத்தை நீதான் சொல்லணும்."

பயம் இருந்தது. சொல்லவில்லை.

மார்ச் 5

கெரால் அளப்பதற்கு முந்தின இரவு கண்ணாடி முன்னால் நின்று, கையைப் பின்னால் இழுத்தபடியே சிரிக்கப் பழகினேன். அதையும் எழுதிவிடுகிறேன். நாற்பத்தொரு வயது. தூ!

மார்ச் 19

கடை ஷட்டரைத் தூக்கும்போது தோள் பாதி நழுவியது. அடுத்த நொடி தானாகவே உள்ளே போய்விட்டது. யாரும் இழுத்துப் போடவில்லை. அப்படியென்றால் அது கழன்றதாகக் கணக்கா? இல்லையே?

ஏப்ரல் 8

கெரால் கேட்டாள்: "ஒரு தடவையாவது வெளிய வந்துச்சா?"

"வரவே இல்ல."

கோபுரக் குழுத் தலைவி ரெமேய் பக்கத்திலேயே நின்றாள். "கெரால் சரின்னு சொன்னா உன் இடம் உனக்கு. இல்லேன்னா எவுடால் நிப்பான். மேல நிக்கிறது உன் பொண்டாட்டி, ஞாபகம் வச்சுக்க."

கெரால் சரி என்றாள்.

ஒருவர் தோளில் ஒருவராக ஏறி, உச்சியில் ஒரு குழந்தை ஏறும் எங்கள் மனிதக் கோபுரத்தில், பதினோரு வருடமாக இரண்டாம் அடுக்கு என்னுடையது. என் தோளில் ரோசேர் நிற்பாள். அந்த இடமும் போனால் நான் யார்? வெறும் ஆணி, தாழ்ப்பாள் விற்கிறவன்.

மே 16, வெள்ளி



ஒத்திகையில் ஏழடுக்கு. ரோசேர் என் மேல் ஏறி நின்றுவிட்டாள். நான்காம் அடுக்கு ஏறும்போது என் தோள் முன்னால் நழுவித் திரும்பியது. கண்ணிமைக்கும் நேரம்தான். யாரும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து ரோசேர் கத்தினாள்:

"இறக்குங்க! எனக்குப் பயமா இருக்கு, முடியல, இறக்குங்க!"

எங்கள் ஒத்திகைக் கூடத்தில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். எவுடால் ஆரம்பித்தான்: "அக்காவுக்குத் திடீர்னு தலை சுத்துதாம்! அடுத்த வாரம் ஏணி கொண்டு வரட்டுமா அக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். ரெமேய் சிரிக்கவில்லை. "பயந்தவளை நான் ஏத்தமாட்டேன். திருவிழாவுக்கு நீ வேண்டாம், ரோசேர்."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து, ஏறும்போது முதுகுக்குப் பிடிமானமாக இறுக்கிச் சுற்றும் தன் கறுப்பு இடுப்புத்துணியைச் சுருட்டினாள். நான் பக்கத்தில் நின்று என்னுடையதைச் சுருட்டினேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

மே 17

காலையில் ரொட்டியில் தக்காளியைத் தேய்த்துக்கொண்டே ரோசேர் கேட்டாள்: "வெறுங்காலோட நிக்கிறவ நான். கீழ எலும்பு நகர்ந்தா எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் நீ பயந்ததா—"

"வேற என்ன சொல்லச் சொல்ற? என் புருஷன் தோள் கழண்டுடுச்சுன்னு ஊர் முன்னாடி கத்தவா? நீயே சொல்லுவேன்னு நினைச்சேன். அந்தப் பய ஏணின்னு கிண்டல் பண்ணப்பவாவது வாயைத் திறப்பேன்னு பார்த்தேன்."

ரொட்டியை என் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நாலு அறை விட்டிருக்கலாம். மண்ணுக்குள்ள புதைஞ்சுக்கலாம் போல இருக்கு. பதினோரு வருஷமா என்னை நம்பி ஏறினவடா அவ.

மே 18

இன்றும் யாரிடமும் சொல்லவில்லை. கோழை.

மே 20, செவ்வாய்

ஒத்திகைக்கு முன்பே கெராலிடம் போனேன். "மறுபடி அள."

இந்த முறை சிரித்து மறைக்கவில்லை. அவள் பாதிகூடத் தள்ளவில்லை, "ஐயோ, விடு!" என்று கத்திவிட்டேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எத்தனை நாளா?"

"மார்ச்லேர்ந்து. முழுசா வரல, அதான்—"

"பாதி வந்தாலும் கணக்குதான்டா மடையா! உன் மூஞ்சியை நம்பித்தானே சரின்னு சொன்னேன்?" அவள் கண் கலங்கியிருந்தது. அவளையும் ஏமாற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு எல்லார் முன்னாலும் சொன்னேன். வெள்ளிக்கிழமை நழுவியது என் தோள், ரோசேர் பயப்படவில்லை, நான்தான் மறைத்தேன் என்று. யாரும் சிரிக்கவில்லை. எவுடால் தரையைப் பார்த்தான்.

ரெமேய் ஒன்றே ஒன்று கேட்டாள்: "உச்சியில குழந்தை ஏறின பிறகு நழுவியிருந்தா?"

இனி என் இடத்தில் எவுடாலை நிறுத்தச் சொன்னேன்.

ஜூன் 13

ரோசேர் மறுபடி ஏறுகிறாள், எவுடாலின் தோளில். நான் சுவரோரம் நின்று பார்க்கிறேன். அவள் இடுப்புத்துணி சுற்றும்போது அதன் மறுமுனையை எப்போதும் நான்தான் பிடிப்பேன். இப்போது கெராலைக் கூப்பிடுகிறாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

திருவிழா. சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. கோபுரத்தைத் தாங்கிக் கீழே நெருக்கி நிற்கும் கூட்டத்தில் ரெமேய் எனக்கு ஓர் இடம் கொடுத்தாள். "வலது கையைத் தூக்கவே கூடாது. நெஞ்சால மட்டும் முட்டுக் கொடு."

தொடங்குவதற்கு முன் ரோசேர் வந்தாள். இடுப்புத்துணியின் முனையை என்னிடம் நீட்டினாள். இடது கையால் இழுத்துப் பிடித்தேன். சுழன்று சுழன்று தன்னைச் சுற்றிக்கொண்டு என் அருகில் வந்து நின்றாள்.

"இறுக்கமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு. போ, உன் இடத்துக்குப் போ."

கொம்பு வாத்தியம் முழங்கியது. முன்னால் இருப்பவன் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. மேலே ஏறுகிறவர்கள் எங்கள் மீது மிதித்துத்தான் போக வேண்டும். யார் யாரோ மிதித்துப் போனார்கள். பிறகு ஒரு பாதம் வந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

வலது தோளைத் தொடாமல், இடது தோளில் அழுத்தி மிதித்து ஏறினாள்.