நான்கு முறை இழுத்த கை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகமாகவே இருக்கிறேன். இதைப் படித்துப் பதறாதே.

மேடையில் ஆடுவதைப் பார்வையற்ற ரசிகர்களுக்குக் கண்ணாடி அறையிலிருந்து மைக்கில் சொல்வதுதானே என் வேலை? புதிய பாலே நடனத்துக்கு இயக்குநர் ஒரு தாளைக் கொடுத்து, அப்படியே படிக்கச் சொன்னார். "காதலில் உருகுகிறாள்" என்று அதில் இருந்தது. முதல் ஆட்டத்தில் அப்படியே படித்தேன். நேற்று அதை மடித்து வைத்துவிட்டு, "அவன் அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறான். அவள் நான்கு முறை கையை இழுக்கிறாள்" என்றேன்.

ஆட்டம் முடிந்ததும் இயக்குநர் ஓடிவந்தார். "ஐயா, அது காதல்! தாள்ல போட்டிருக்குல்ல?"

"ஏழு ஒத்திகையிலயும் எண்ணிப் பாத்தேங்க. நாலு தடவை இழுக்குறாங்க" என்றேன். எதிர்த்துப் பேசத் தெரியாதவன் என்பாயே, நான்தான் பேசினேன்.

பார்வையற்ற அம்மா ஒருவர் அருகில் நின்று சிரித்தார். "போன ஆட்டத்துல உருகுறா, உருகுறான்னு சொன்னீங்க, எனக்கு ஒண்ணும் புரியல. இன்னிக்குத்தான் கை தெரிஞ்சுது."

இன்றும் தாளைப் படிக்காவிட்டால் இயக்குநர் வேறு ஆளை வைத்துக்கொள்வாராம். ஒருவேளை அது காதலாகவும் இருக்கலாம், எனக்கென்ன தெரியும்? ஆனால் அதை அந்த அம்மா முடிவு செய்யட்டும்.

மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு அனுப்பு. மகளிடம் சொல்லி உன் குரலைப் பதிவு செய்தும் அனுப்பு, திட்டினாலும் சரி. இங்கே நாள் முழுக்க என் குரலைத்தான் கேட்கிறேன்.

இன்றைய ஆட்டத்துக்கு முதல் மணி அடித்துவிட்டது. தாளை இந்த மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.

உன் வீட்டுக்காரன்